நாணயத் தரமிடலும் மறைக்கப்பட்ட குறைகளும்

நாணயத் தரமிடல் என்பது சேகரிப்புக்குரிய ஒரு நாணயத்தின் தேய்மானம், மேற்பரப்பு, பளபளப்பு, அச்சு விழுந்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து அதன் நிலையை ஓர் எண்ணால் குறிப்பிடும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் உருவான 1 முதல் 70 வரையிலான அளவுகோலே இன்று பரவலாக வழக்கில் உள்ளது. வாங்குபவர் நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமலேயே அதன் நிலையை அறிந்துகொள்ள இந்த எண் உதவும் என்பது இம்முறையை ஏற்படுத்தியவர்களின் எண்ணம். எண் போடப்பட்டு, பிளாஸ்டிக் பேழையில் அடைத்து முத்திரையிடப்பட்ட நாணயங்களிலும் சொல்லப்படாத குறைகள் இருந்ததும், அவற்றை வாங்கியவர்கள் இழப்புக்கு ஆளானதும், அதைச் சரிசெய்ய அடுத்தடுத்து எடுக்கப்பட்ட முயற்சிகளும் இத்துறை வரலாற்றின் பெரும்பகுதியாகும்.

நாணயத்தைச் சோதித்துச் சொல்வதற்கென்றே ஆள் வைப்பது புதிய வழக்கம் அன்று. சங்கப் புலவர் சிலரின் பெயரோடு சேர்ந்துவரும் 'வண்ணக்கன்' என்ற சொல் நாணயப் பரிசோதகரைக் குறிப்பது. ஆனால் வண்ணக்கர் பார்த்தது உலோகத்தின் மாற்றையும் எடையையும். சேகரிப்பாளருக்காகத் தரமிடுபவர் பார்ப்பது மேற்பரப்பை. உலோகம் முழுத் தூய்மையாக இருந்தாலும் மேலே ஒரு முறை துணியால் அழுத்தித் துடைத்திருந்தால் விலை பாதியாகிவிடக் கூடும்.

எண்ணுக்கு முந்தைய காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்க நாணய வணிகத்தில் நிலையைக் குறிக்கச் சொற்களே பயன்பட்டன. விற்பவர் தம் விலைப்பட்டியலில் 'நல்லது', 'மிக நல்லது', 'சிறப்பானது', 'புழங்காதது' என்று எழுதுவார். இந்தச் சொற்கள் புதியவர்களை ஏமாற்றக் கூடியவை. 'நல்லது' என்று குறிக்கப்பட்ட நாணயம் உண்மையில் உருவம் மழுங்கும் அளவுக்குத் தேய்ந்த நாணயம். அந்த வழக்கு இன்றுவரை மாறவில்லை. ஒரே நாணயத்தை வாங்கும்போது ஒரு சொல்லாலும் விற்கும்போது அதற்கு மேற்பட்ட சொல்லாலும் குறிப்பிடும் பழக்கமும் இருந்தது. அதைக் கேட்க ஆளில்லை.

ஷெல்டன் அளவுகோல்

உளவியல் ஆய்வாளரான வில்லியம் ஹெர்பர்ட் ஷெல்டன் (1898–1977) அமெரிக்காவின் தொடக்ககாலப் பெரிய செப்புச் சென்ட்டுகளைச் சேகரித்தவர். மனித உடலமைப்பை மூன்று வகைகளாகப் பிரித்து, அவற்றோடு குணத்தைத் தொடர்புபடுத்திய கொள்கையால் அறியப்பட்டவர். அக்கொள்கை இன்று அறிவியலாளரால் ஏற்கப்படுவதில்லை. 1949ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல் 1793 முதல் 1814 வரை வெளிவந்த சென்ட்டுகளைப் பற்றியது. அதில்தான் 1 முதல் 70 வரையிலான அளவுகோல் முதன்முதலில் வந்தது. 1958இல் அந்நூலின் திருத்திய பதிப்பு வேறு பெயரில் வெளியாயிற்று.

இது அடிப்படையில் விலைக் கணக்கு. எந்த வகை என்று மட்டும் அடையாளம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்த நாணயம் 1. அச்சிலிருந்து விழுந்த நிலையிலேயே இருப்பது 70. ஒவ்வொரு வகைக்கும் ஓர் அடிப்படை விலை உண்டு. அதை நிலையெண்ணால் பெருக்கினால் அந்த நாணயத்தின் விலை கிடைக்கும். அன்றைய சந்தையில் மிகத் தேய்ந்த சென்ட் ஒரு டாலர் என்றால் அப்பழுக்கற்றது எழுபது டாலர் என்ற விகிதம் ஓரளவு பொருந்தியது. அதனால்தான் நூறு என்று முழு எண்ணாக இல்லாமல் எழுபது என்று நின்றுவிட்டது. சில ஆண்டுகளிலேயே விலைகள் மாறி அந்த விகிதம் பொய்த்துப் போனது. எண்கள் மட்டும் தங்கிவிட்டன. ஷெல்டன் தம் அளவுகோலில் புழங்காத நாணயத்துக்கு 60, 65, 70 என்ற மூன்று படிகளையே வைத்திருந்தார். செப்புச் சென்ட்டுக்காகச் செய்த கருவியை வெள்ளி டாலருக்கும் தங்க நாணயத்துக்கும் பின்னர் வந்தவர்கள் நீட்டினார்கள்.

ஷெல்டனின் பெயரோடு ஒட்டியுள்ள களங்கம் இக்கட்டுரையின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்கு ஜார்ஜ் கிளாப் என்பவர் கொடையாக அளித்த சென்ட் தொகுப்பை ஆய்வாளர் என்ற முறையில் ஷெல்டன் கையாண்டு வந்தார். அப்போது தொகுப்பிலிருந்த உயர்ந்த நாணயங்களை எடுத்துக்கொண்டு, அதே வகையைச் சேர்ந்த தம்முடைய தாழ்ந்த நாணயங்களை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். எண்ணிக்கை குறையாததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. கிளாப்பின் நாணயங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்த நிழற்படங்களோடு ஒப்பிட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. அதற்குள் ஷெல்டன் தம் தொகுப்பை விற்றுவிட்டார். அதை நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய சேகரிப்பாளருக்கும் சங்கத்துக்கும் இடையே நடந்த வழக்கில், 1996இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. திருட்டுப் போனது தெரியவராத காலத்தைக் காலவரம்புக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது அவ்வழக்கின் மையமான கேள்வி. நிலையை அளக்கக் கோல் செய்து தந்தவரிடமிருந்து வாங்கிய நாணயங்களிலேயே, எந்த உருப்பெருக்கியாலும் காண முடியாத குறை இருந்தது.

நிழற்படச் சான்றிதழ்கள்

அமெரிக்க நாணயவியல் கழகம் 1972இல் நாணயங்களின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் சேவையைத் தொடங்கியது. அதன் பெயர் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் ஏஎன்ஏசிஎஸ் என்று வழங்குகிறது. கள்ளக்காசு எது, நல்ல காசு எது என்று சொல்வது மட்டுமே அப்போதைய வேலை. 1979இல் அது தரமிடலையும் ஏற்றுக்கொண்டது. தலைப்பக்கத்துக்கு ஓர் எண்ணும் பின்பக்கத்துக்கு ஓர் எண்ணும் இட்டு, நாணயத்தின் நிழற்படத்துடன் சான்றிதழ் வழங்கியது.

இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. சான்றிதழ் தனி, நாணயம் தனி. ஆகவே ஒரு நாணயத்தின் தாளை இன்னொன்றோடு சேர்த்து விற்க முடிந்தது. இரண்டாவது, அளவுகோல் ஒரே நிலையில் நிற்கவில்லை. 1980ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தங்கம் அவுன்சுக்கு 850 டாலரையும் வெள்ளி 50 டாலர் அளவையும் தொட்டபோது நாணயச் சந்தையும் கொதித்தது. அந்த நாள்களில் 65 என்று சான்று பெற்ற நாணயம், சந்தை விழுந்து தரமிடுபவர்கள் கடுமை காட்டத் தொடங்கியபின் 63 என்றே மதிக்கப்பட்டது. நாணயத்தில் ஒரு கீறல்கூடப் புதிதாக விழவில்லை. ஆனால் தாளை நம்பிச் சேமிப்பைப் போட்டவர்களின் பணத்தில் பெரும்பகுதி போயிற்று.

இதே காலத்தில் அமெரிக்க அரசு செய்த ஒரு விற்பனையை இங்கே குறிப்பிட வேண்டும். கருவூலத்தில் தங்கிவிட்ட கார்சன் சிட்டி அச்சகத்தின் வெள்ளி டாலர்களை, ஏறத்தாழ 30 லட்சம் நாணயங்களை, பொதுச் சேவை நிர்வாகம் 1972 முதல் 1980 வரை அஞ்சல் வழியாக விற்றது. வாங்கியவர் எவரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. கீறலோ கறையோ மிகுந்தவற்றைப் பிரித்து, 'புழங்காதது' என்ற சொல் இல்லாத வேறு பேழையில் வைத்தே அனுப்பினார்கள். எண் எதுவும் இல்லை; இருந்த குறை மறைக்கப்படவும் இல்லை.

பிளாஸ்டிக் பேழையின் வருகை

டேவிட் ஹால் முதலான வணிகர்கள் கூடி நிறுவிய பிசிஜிஎஸ் என்னும் நிறுவனம் 1986 பிப்ரவரியில் தரமிடத் தொடங்கியது. பலர் தனித்தனியே பார்த்து எண் சொல்வது, நாணயத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் பேழையில் அடைத்து ஒலியலையால் ஒட்டிவிடுவது, இட்ட எண் தவறென்றால் இழப்பை ஈடுசெய்வது ஆகிய மூன்றும் அதன் புதுமைகள். 60 முதல் 70 வரை பதினோரு படிகளும் அப்போதுதான் முழுமையாகப் பயனுக்கு வந்தன. 1987இல் ஜான் அல்பனீஸ் முன்னின்று என்ஜிசி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தப் பேழையைச் சேகரிப்பாளர்கள் 'ஸ்லாப்' என்று அழைக்கின்றனர்.

பேழை வந்ததும் நாணயம் ஏறக்குறையப் பங்குப்பத்திரம் போல ஆயிற்று. வணிகர்கள் கண்ணால் காணாமலேயே தொலைபேசியிலும் கணினி வலையிலும் விலை சொல்லி வாங்கினார்கள். வால் ஸ்ட்ரீட் நிறுவனங்கள் நாணய முதலீட்டு நிதிகளைத் தொடங்கின. 1989இல் உச்சத்துக்குப் போன விலைகள் அடுத்த ஆண்டே சரிந்தன. 1990இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், தரமிடல் முரணற்றது, புறவயமானது என்று விளம்பரம் செய்ததற்காக பிசிஜிஎஸ் மீது புகார் தொடுத்தது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் சமரச உடன்பாட்டுக்கு வந்தது. சான்றிதழ் சந்தை ஏற்றத்தாழ்விலிருந்து பாதுகாப்பு அளிக்காது என்ற வாசகம் அதன்பின் விளம்பரங்களில் இடம்பெற்றது. தரமிடல் என்பது தேர்ந்த ஒருவரின் கருத்தே தவிர அளவீடு அன்று என்பதைச் சட்டத்தின் வழி பதிவுசெய்த நிகழ்ச்சி இது. ஒரு நாணயத்தைத் தரமிடுபவர் பார்ப்பது பெரும்பாலும் சில விநாடிகள் மட்டுமே என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

எண் கருத்துதான் என்றால், அதே நாணயத்துக்கு இன்னொரு நாள் இன்னோர் எண் கிடைக்கலாம் அல்லவா? வணிகர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பேழையை உடைத்து நாணயத்தை எடுத்து மறுபடியும் அனுப்புவார்கள். ஓரெண் கூடும்வரை அனுப்புவார்கள். 65க்கும் 66க்கும் இடையே ஆயிரக்கணக்கான டாலர் வேறுபாடு இருக்கும் அரிய நாணயங்களில் இது இலாபமான வேலை. ஆகவே எல்லை நாணயங்கள் நாளடைவில் மேல் எண்ணிலேயே போய்ச் சேர்ந்தன.

குறைகளை மறைக்கும் வழிகள்

அச்சு விழும்போது உலோகம் வெளிப்புறமாக ஓடுவதால் மேற்பரப்பில் மிக நுண்ணிய கோடுகள் உண்டாகின்றன. விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால் ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றிவருவது இக்கோடுகளால்தான். ஒருமுறை அழிந்தால் இவை திரும்ப வாரா. நம் வீடுகளில் பித்தளைக் குடத்தையும் செப்புச் செம்பையும் புளி போட்டு விளக்கிப் பளிச்சென்று வைப்பதைச் சிறப்பாகக் கருதுகிறோம். அதே கவனிப்பு நாணயத்துக்குக் கேடு.

இழந்த பளபளப்பைப் போலியாக உண்டாக்க, சுழலும் கம்பித் தூரிகையால் மேற்பரப்பை உரசும் வழக்கம் 1960, 1970களில் மிகுந்திருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் எழுத்துகளின் ஓரத்தில் உலோகம் ஒதுங்கி நிற்பது தெரியும். இதைத் தரமிடுபவர்கள் எளிதில் கண்டுகொண்டதால் பிற்கால வழிகள் நுட்பமாயின. தங்க நாணயத்தின் கீறல்களில் ஒருவகைப் பசைமாவை நிரப்பி மறைப்பார்கள். நாணயம் பேழைக்குள் போகும்போது ஒன்றும் தெரியாது; மாதங்கள் கழித்துப் பசை மங்கி வெண்மையாகப் படரும். வெள்ளியின் மீது கந்தகமும் வெப்பமும் கொண்டு நீலமும் சிவப்புமாக வண்ணம் ஏற்றுவார்கள். பல ஆண்டுகள் தாளுறையில் கிடந்து இயற்கையாக நிறம் மாறிய நாணயத்துக்கு விருப்பம் அதிகம் என்பதால் இந்த வேலை. மூக்கோரத்து எண்ணெய்ப் பசையை விரலால் தொட்டு மயிரிழைக் கீறலின்மீது தடவுவதும் உண்டு. துளையிட்ட நாணயத்தை அடைத்து உருவத்தை மீண்டும் செதுக்குவார்கள். 1916ஆம் ஆண்டின் டென்வர் பத்துச் சென்ட் மொத்தம் 2,64,000தான் அச்சாயிற்று. எனவே டென்வரைக் குறிக்கும் எழுத்து இல்லாத சாதாரண நாணயத்தில் அவ்வெழுத்தை ஒட்டி விற்பது பழைய மோசடி.

இவற்றோடு யாரும் வேண்டுமென்று செய்யாத குறைகளும் உண்டு. மென்மையான பிவிசி உறைகளில் வைத்த நாணயத்தில் பச்சைப் பசை படியும். செம்பில் களிம்பு ஏறும். இக்கால வெள்ளி முதலீட்டு நாணயங்களில், 70 என்ற முழு எண் பெற்றவற்றிலும், பேழைக்குள்ளேயே பால்துளி போன்ற வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. செந்நிறம் மாறாதது என்று குறிக்கப்பட்ட செப்புக் காசு பழுப்பாக மாறுவதும் இவ்வகையே. பேழை காற்றை முழுமையாகத் தடுப்பதில்லை.

எது குறை என்பதிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. வெள்ளி நாணயத்தை மெல்லிய அமிலக் கரைசலில் ஒருகணம் தோய்த்துக் கறை நீக்குவதைத் தரமிடும் நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. பலமுறை தோய்த்து மேற்பரப்பு செத்துப்போனால்தான் மறுக்கின்றன. தோய்த்ததை விற்பவர் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு வணிகர்கள் வேண்டாம் என்பார்கள், பழைய சேகரிப்பாளர்கள் வேண்டும் என்பார்கள். பின்னவர்கள் சொல்வதே நேர்மை. ஆனால் சந்தை முன்னவர்களின் வழியில்தான் நடக்கிறது.

தொடக்கத்தில் பெரிய நிறுவனங்கள் குறையுள்ள நாணயத்தை எண்ணிடாமல் சிறு உறையில் திருப்பி அனுப்பின. அது மறுபடி வேறொரு நிறுவனத்துக்குப் போகும். ஏஎன்ஏசிஎஸ் மட்டும் குறையின் பெயரையும் அதனால் குறைந்த மதிப்பெண்ணையும் சேர்த்தே எழுதியது. பிற நிறுவனங்களும் பின்னர் இவ்வழிக்கு வந்து, 'துப்புரவு செய்யப்பட்டது', 'கீறப்பட்டது' என்று பேழைச் சீட்டிலேயே குறிக்கத் தொடங்கின. 2010இல் பிசிஜிஎஸ், நாணயங்களில் கைவேலை செய்து தன்னிடம் அனுப்பியதாகச் சில வணிகர்கள்மீது கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் மேற்பரப்பில் அன்னியப் பொருள் உண்டா என்று கண்டறியும் கருவியையும் அறிமுகம் செய்தது.

இணையச் சந்தையும் வாங்கியவரின் வழிகளும்

1995இல் தொடங்கிய ஈபே தளம் நாணய வணிகத்தைக் கடைத்தெருவிலிருந்து வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. வாங்குபவர் பார்ப்பது இப்போது பேழையைக்கூட அன்று, பேழையின் படத்தை. நேர் ஒளியில் சற்று வெளிச்சம் கூட்டி எடுத்த படத்தில் மயிரிழைக் கீறல் மறைந்துவிடும்; பேழையின்மேல் உள்ள கீறலா நாணயத்தின்மேல் உள்ளதா என்பதும் தெரியாது. விற்பவர் 'படத்தைப் பார்த்து முடிவு செய்க' என்று ஒரு வரி எழுதிக் கைகழுவிக்கொள்ளலாம். தாமே அச்சிட்ட சீட்டோடு உயர்ந்த எண் போட்டு விற்ற பெயர்தெரியாத நிறுவனங்களும் பெருகின. 2008 அளவில் புகழ்பெற்ற நிறுவனங்களின் பேழைகளையே போலியாகச் செய்து, உண்மையான சான்றிதழ் எண்ணோடு விற்றது தெரியவந்தது. 2012இல் ஈபே, அங்கீகரித்த சில நிறுவனங்கள் தரமிட்ட நாணயங்களுக்கு மட்டுமே எண்ணைக் குறிப்பிடலாம் என்று விதித்தது. 1973ஆம் ஆண்டின் பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டம் நகல் நாணயங்களில் 'நகல்' என்று பொறிக்கச் சொன்னது. 2014இல் செய்த திருத்தம் தரமிடும் நிறுவனங்களின் வணிகக்குறியைப் போலியாக்குவதையும், இத்தகைய விற்பனைக்குத் துணைபோவதையும் அதில் சேர்த்தது.

சொல்லாத குறையோடு நாணயம் வந்தால் வாங்கியவர் இரண்டு வாசல்களைத் தட்டலாம். முதலாவது விற்பவரும் விற்பனைத் தளமும். அமெரிக்க வணிகச் சட்டப்படி, விற்பவர் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும் விவரம் உத்தரவாதமாகும். அவருடைய கருத்து உத்தரவாதமாகாது. 'பின்பக்கத்தில் குறை இல்லை' என்பது விவரம். 'அருமையான நாணயம்' என்பது கருத்து. எண் மூன்றாம் நிறுவனத்தினுடையது என்பதால் விற்பவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இங்கே இடம் கிடைத்துவிடுகிறது. ஆயினும் விவரத்தோடு பொருந்தாத பொருளைக் குறித்த நாள்களுக்குள் திருப்பித் தரத் தளங்கள் வழிசெய்துள்ளன. அந்த நாள்கள் கடந்தால் வழக்கு வலுவிழக்கும்.

இரண்டாவது வாசல் தரமிட்ட நிறுவனம். அதன் உத்தரவாதம் பேழை உடையாமல் இருக்கும்வரைதான். வந்த ஆத்திரத்தில் பேழையை உடைத்துப் பார்த்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. உடைக்காமல் மறுஆய்வுக்கு அனுப்பினால், எண் மிகை என்று நிறுவனமே ஒப்புக்கொள்ளும் நிலையில் விலை வேறுபாட்டைத் தரும். சீட்டில் எழுத்துப் பிழையாக விழுந்த எண், செம்பின் நிறமாற்றம், வெள்ளியின் பால்துளி போன்றவை பிற்காலத்தில் இந்த உத்தரவாதத்திலிருந்து விலக்கப்பட்டன. இங்கே ஒரு முரண் உள்ளது: தான் செய்த பிழையைத் தானே தீர்ப்பளிக்கும் இடத்தில் நிறுவனம் அமர்ந்திருக்கிறது. மேல்முறையீட்டுக்கு வேறு மன்றம் இல்லை.

சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்குள்ள நிழற்படத்தோடு கைக்கு வந்த நாணயத்தின் கறைகளையும் கீறல்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுவதே இன்று வாங்குபவர் செய்யும் முதல் சோதனை. ஷெல்டன் மாற்றி வைத்த நாணயங்கள் பிடிபட்டதும் இதே வழியில்தான்.

மேலொட்டு

என்ஜிசியைத் தொடங்கிய ஜான் அல்பனீஸ் 2007இல் சிஏசி என்ற நிறுவனத்தை ஏற்படுத்தினார். பிசிஜிஎஸ், என்ஜிசி பேழைகளை உடைக்காமல் சோதித்து, இட்ட எண்ணுக்கு நாணயம் உறுதியாகத் தகுந்தது என்றால் பச்சை ஒட்டும், எண்ணைவிட நாணயம் மேல் என்றால் பொன்னிற ஒட்டும் பேழைமீது ஒட்டித் தருவது அதன் பணி. பசையோ போலி வண்ணமோ இருப்பதாக ஐயப்பட்டால் ஒட்டு கிடையாது. நாணயத்துக்கு ஒரு பரிசோதகர், பரிசோதகருக்கு ஒரு பரிசோதகர் என்றாயிற்று. பச்சை ஒட்டுள்ள நாணயம் அதே எண்ணுள்ள ஒட்டில்லாத நாணயத்தைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது. இதன் மறுபக்கமாக, சோதனைக்கே அனுப்பாத நாணயத்தையும் அனுப்பித் தோற்ற நாணயமோ என்று சந்தேகிக்கும் வழக்கம் சேகரிப்பாளரிடையே வந்துவிட்டது. 2023இல் சிஏசி தானே பேழையில் அடைத்துத் தரமிடும் பணியையும் தொடங்கியது.